சீட்டுல எழுதாதீங்க டாக்டர்

காப்பீடு இல்லாததால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களைச் சேலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். காப்பீடு எடுக்கப் போகிறோம் என்பதற்காகவே வராமல் நின்றுபோனவர், எனக்குத் தெரிந்து, அம்மாபேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் அவர்தான்.

அன்று அவருடைய வலது கால் பெருவிரலின் அடியில் நைலான் இழையை வளையும் அளவுக்கு அழுத்தினேன்; எப்போது தொடப்போகிறேன் என்று கேட்டார். தறிக்கூடத்தில் வெறுங்காலோடு நடப்பவர். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பரிசோதனைக்கு எழுதப் போனபோதுதான் தடுத்தார். "சீட்டுல சர்க்கரைன்னு எழுதாதீங்க டாக்டர். மாத்திரை பேர மட்டும் சொல்லுங்க, மெடிக்கல்ல வாங்கிக்கிறேனுங்க." பழைய நோய் என்று தெரிந்தால் பிரீமியம் கூடும் என்று முகவர் சொல்லியிருந்தாராம்.

மறைத்துப் பாலிசி எடுத்தால், பணம் தேவைப்படும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள் என்றேன். முன்பே இருந்த நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024இல் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள், உண்மையைச் சொல்லியே எடுக்கலாம் என்றேன். "அஞ்சு வருசம் ஓட்டிட்டா அப்புறம் கேக்க முடியாதாமே?" என்றார். மோசடி என்று நிரூபித்தால் காப்பீட்டு நிறுவனம் அப்போதும் கேள்வி கேட்கலாம் என்று சொல்லிவிட்டு, எத்தனை வருடமாகச் சர்க்கரை என்பதையும் சேர்த்தே எழுதினேன். சீட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதியது சரி. பொய்யான சீட்டு அவரையும் காப்பாற்றாது. ஆனாலும் மனம் அங்கேயே சுற்றுகிறது. அந்தப் பாலிசி மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும். என்னிடம் வருவதற்கோ மாத்திரைக்கோ ஒரு ரூபாய்கூடத் தராது. அப்படியிருந்தும், அவர் என்னிடம் வரலாமா என்பதை அதுவே தீர்மானித்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களிடம் இந்தப் பயத்தை நான் கண்டதில்லை, ஏனென்றால் ஏற்கெனவே நோய் இருப்பதை அந்தத் திட்டம் ஒரு தடையாகக் கொள்வதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டியதால் அவருக்கு அந்த அட்டை இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் பேர் பதிவாகும் என்றார். அதுவும் உண்மைதான்.

உணர்ச்சியற்ற அந்தப் பாதத்தைவிட என் சீட்டின் நேர்மை பெரிதா என்று சில நாள் தோன்றுகிறது. இன்று அவருக்காக ஒரு வரியை விட்டால், நாளை ஒவ்வொரு முகவரும் தன் வாடிக்கையாளரை என்னிடம் அனுப்புவார் என்றும் தோன்றுகிறது. அந்தப் பயத்தில் கொஞ்சம் சுயநலமும் இருக்கலாம்.

அவர் மனைவி ரத்த அழுத்தத்துக்காகத் தொடர்ந்து வருகிறார். போன முறை, "அவரு மாத்திரையையும் என் பேர்லயே எழுதிக் குடுத்துருங்க" என்றார். முடியாது, அவரையே கூட்டி வாருங்கள், காலைப் பார்க்க வேண்டும் என்றேன். "வந்தா எழுதுவீங்களா?" என்று கேட்டார். எழுதுவேன் என்றுதான் சொல்ல முடிந்தது.