'அரசியல் காரணங்களால்'

தமிழில் தயாராகிக்கொண்டிருந்த வரலாற்றுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சில ஆண்டுகள் துணைப் பதிப்பாசிரியராக வேலை பார்த்தேன். கிழக்காசியப் பகுதி என் பொறுப்பு. சீனம் எனக்குத் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் ஆய்வு நூல்களையும் வைத்தே கட்டுரைகளைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் வரிக்கணக்கு உண்டு. ஒருவர் ஏன் பதவி இழந்தார் என்று விளக்கப் புகுந்தால் வரி மிஞ்சிவிடும் என்பதால், 'அரசியல் காரணங்களால்' என்று எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போவது எங்கள் அறையில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. சீனாவின் சோங் அரச மரபுக் காலத்துக் கவிஞரும் எழுத்தணிக் கலைஞருமான ஹுவாங் டிங்ஜியான் பற்றிய பதிவிலும் அதையே எழுதினேன். மெய்ப்புப் பார்த்த மூத்தவர் ஒருவர் அந்தத் தொடரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'எவை?' என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பினார்.

விடை சீன அரசின் வரலாறு எழுதும் அலுவலகத்திலேயே இருந்தது. பொதுவாக ஒரு பேரரசர் இறந்த பிறகு, அரண்மனையின் அன்றாடக் குறிப்புகளையும் அரசாங்க ஆவணங்களையும் கொண்டு அவருடைய ஆட்சிக்கு 'ஷிலு' எனப்படும் மெய்ப்பதிவைத் தொகுப்பார்கள். அந்த மரபே வீழ்ந்த பின்னர், அடுத்து வரும் மரபு அவற்றை அடிப்படையாக வைத்து முந்தைய மரபின் வரலாற்றை எழுதும். எழுதுகிறவர்கள் அனைவரும் அரசு அதிகாரிகள் என்பதால், நேற்று அவையில் வாதாடியவரே இன்று அந்த வாதத்தைப் பதிவு செய்யும் இடத்தில் உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

1085-இல் பேரரசர் ஷென்சோங் இறந்தார். அவர் ஆதரவுடன் அமைச்சர் வாங் அன்ஷி கொண்டுவந்த புதுச் சட்டங்களை எதிர்த்தவர்களின் கை ஓங்கியது. ஷென்சோங்கின் மெய்ப்பதிவும் அவர்களிடமே வந்தது. தொகுப்பாளர்களில் ஹுவாங் ஒருவர். மஞ்சள் ஆற்றின் வண்டலைக் கிளறிவிட வாங் அன்ஷி காலத்தில் இறக்கப்பட்ட 'இரும்பு நாகநகம்' என்ற கருவியைப் பற்றி, அது பிள்ளை விளையாட்டைப் போன்றது என்று அவர் எழுதினார். 1094-இல் வாங் அன்ஷியின் ஆதரவாளர்கள் மீண்டும் அதிகாரத்துக்கு வந்ததும் தொகுப்பாளர்கள் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் சான்றற்றவை என்று சுட்டப்பட்டன. அலுவலர்கள் ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது சான்று கிடைக்காமல் எஞ்சியவை 32 மட்டுமே. நாகநகத்தைப் பற்றிக் கேட்டபோது, தாம் அப்போது வடதலைநகரில் பணியிலிருந்ததாகவும், கண்ணால் கண்டதாகவும், அது உண்மையிலேயே பிள்ளை விளையாட்டுதான் என்றும் ஹுவாங் பதில் சொன்னார். தொலைதூர மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டார். இடையில் விடுவிக்கப்பட்டாலும் மீண்டும் ஒதுக்கப்பட்டு, 1105-இல் தெற்கே யிசோவில் இறந்தார். இத்தனையையும்தான் நான் இரண்டு சொற்களில் முடித்திருந்தேன்.

அவருடன் தண்டிக்கப்பட்ட இன்னொரு தொகுப்பாளர் ஃபான் சூயு, வரலாற்றாசிரியர் சிமா குவாங்கின் சீன வரலாற்றுப் பெருநூலுக்கு, சோங்குக்கு முந்தைய தாங் மரபின் பகுதியைத் தொகுத்துத் தந்தவர்; அவரும் 1098-இல் தெற்கே, ஒதுக்கப்பட்ட இடத்திலேயே இறந்தார். மெய்ப்பதிவு இதற்குள் வாங் அன்ஷி தரப்பினரால் மாற்றி எழுதப்பட்டுவிட்டது. தலைமுறை ஒன்று கழிந்து, வடக்கை இழந்து தெற்கே தொடர்ந்த தென் சோங் அரசு அதை மறுபடியும் எழுதும் பணியை ஃபான் சூயுவின் மகனிடமே ஒப்படைத்தது. பழைய வாசகத்தைக் கறுப்பிலும், நீக்கியதை மஞ்சளிலும், புதிதாகச் சேர்த்ததைச் சிவப்பிலும் காட்டி அவர் தனி நூல் ஒன்றைத் தயாரித்தார். நடுநிலையாளர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தந்தையைத் தண்டித்தவர்களின் வாசகத்தை அடிக்க அவருக்கு வேண்டிய காரணம் இருந்தது. ஆனால் எதை அடித்தார் என்பதைக் காட்டிவிட்டு அடித்தார். எங்கள் அலுவலகத்திலோ, நூல் அச்சுக்குப் போன மறுநாளே மெய்ப்புத் தாள்களை எடைக்குப் போட்டுவிடுவோம்.

அந்த வாரம் என்னுடைய பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். தாங் பேரரசர் தைசோங், 626-இல் அரண்மனையின் சுவான்வு வாயிலில் தம் சகோதரர் இருவரைக் கொன்ற நிகழ்ச்சியை மறைக்காமல் நேராக எழுதச் சொன்னார் என்று பாராட்டி எழுதியிருந்தேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்வதற்கு 643-இல், தாம் உயிரோடிருக்கும்போதே தொகுக்கப்பட்ட தம் ஆட்சியின் மெய்ப்பதிவையே வாங்கிப் படித்தார். அந்தக் கொலைகளை நாட்டின் நலனுக்காகச் செய்ததாகக் கருதும்படி பழங்கால முன்மாதிரிகளையும் எடுத்துக் காட்டினார். அன்றாடக் குறிப்பைப் பேரரசரே பார்த்ததாகத் தாம் கேள்விப்பட்டதில்லை என்று சூ சுயிலியாங் என்ற அதிகாரி அவருக்கு நேரில் மறுப்புச் சொன்னதும் உண்டு. பாராட்டை நீக்கிவிட்டு, படித்ததையும் மறுப்பையும் சேர்த்தேன்.

ஹுவாங்கின் பதிவில் நாகநகத்துக்கு நான்கு வரி தேவைப்பட்டது. அவருடைய எழுத்தணிக் கலையைப் பற்றிய நான்கு வரிகளை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினேன். அச்சான பக்கத்தில் அது தெரியாது. மெய்ப்புக் கட்டும் எடைக்குப் போய்விட்டது.