பச்சைத் தாளில் எழுதியிருப்பது

19 ஜனவரி 2026, திங்கள்

இட்லி மாவு கொண்டுவரும் அம்மா இன்று மாவோடு ஒரு பிளாஸ்டிக் உறையையும் நீட்டினார். உள்ளே வங்கிப் பாஸ்புத்தகம், கணவரின் இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல். மாதம் 2,500 ரூபாய் வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை சென்ற ஆகஸ்டோடு நின்றுபோயிருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால் "மேலேயிருந்து நிறுத்திவிட்டார்கள்" என்கிறார்களாம். டில்லியில் முப்பது ஆண்டுக்கும் மேலாக அரசு அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்தவன் நான். அந்த மேலே என்பது எத்தனையாவது மாடி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உறைக்குள் ஒரு மனுவும் இருந்தது. திரிலோக்புரியில் அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பையன் எழுதிக் கொடுத்தது. "என் பணத்தை ஏன் நிறுத்தினீர்கள்? ஓர் ஏழைக்கு இது நியாயமா?" பையனின் கோபம் சரிதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது குமாஸ்தாவுக்கு மிகவும் சுலபம்: "கேட்கப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது." தகவல் உரிமைச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவுப்படி தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவு. இல்லாததை உண்டாக்கித் தரவோ கருத்துச் சொல்லவோ அலுவலர் கடமைப்பட்டவர் அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2011இல், விடைத்தாள் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே நியாயத்தை வேறு இடத்தில் கேட்டுக்கொள்ளலாம். இங்கே காகிதம் கேட்க வேண்டும்.

மனுவைப் புதிதாக எழுதினேன். உதவித்தொகையை நிறுத்திய உத்தரவின் நகல். அதற்கு ஆதாரமான கள விசாரணை அறிக்கையின் நகல். அந்தக் கோப்பின் நோட்டிங் பக்கங்கள், அதாவது அலுவலர்கள் அதில் எழுதிய குறிப்புகள், முழுவதும். கோப்பு எந்தப் பதவியில் இருப்பவரிடம் எத்தனை நாள் இருந்தது என்ற விவரம். 2(ஜே) பிரிவின்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. அவ்வளவுதான். "தயவுசெய்து" என்ற சொல்லை ஒரே ஒரு முறை போட்டேன், பழக்கதோஷம்.

20 ஜனவரி, செவ்வாய்

தபால் நிலையத்தில் பத்து ரூபாய்ப் போஸ்டல் ஆர்டர். வறுமைக்கோட்டு அட்டை இருந்தால் இதுவும் வேண்டாம், அந்த அம்மாவிடம் அது இல்லை. பதிவுத் தபால் என்று வாய்தவறிக் கேட்டதற்கு, அது சென்ற ஆண்டே ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது என்று கவுண்டரில் இருந்த பெண் பாடம் எடுத்தார். ரசீதின் மை ஒரு மாதத்தில் மங்கிவிடும். நகல் எடுத்து வைத்தேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

பதில் இல்லை, பதிலுக்குச் சட்டம் தரும் முப்பது நாளும் ஆகவில்லை. அந்த அம்மா தினமும் "தபால் வந்ததா ஐயா?" என்கிறார். மாவின் விலையையும் வாங்க மறுக்கிறார். வாங்காவிட்டால் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நோட்டிங் பக்கங்களைக் கேட்கலாமா என்று என்னோடு வேலை பார்த்த நண்பர் போனில் சந்தேகப்பட்டார். அவர் நினைவில் 2006 அப்படியே உறைந்திருக்கிறது. சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, கோப்புக் குறிப்புகள் தகவல் ஆகாது என்று மத்திய அரசின் பணியாளர் துறை தன் இணையதளத்திலேயே போட்டிருந்தது. அடுத்த ஜனவரியில், தகவல் மறுக்கப்பட்டவர்களின் முறையீட்டைக் கேட்கும் மத்தியத் தகவல் ஆணையம், அவையும் தகவல்தான் என்று தீர்ப்புச் சொன்னது. உடனே சட்டத்தையே திருத்தக் கிளம்பினார்கள். ஊர் ஊராக எதிர்ப்பு வந்ததும் 2006இல் அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது.

அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்தில் ஒரு பீதி. நோட் ஷீட் என்பது வெளிர் பச்சைத் தாள், கோப்பின் இடது பக்கம் இருக்கும். குமாஸ்தா தொடங்கி, பிரிவு அலுவலர் ஆமோதித்து, மேலதிகாரி சுருக்கொப்பம் போட்டு, ஒரு முடிவு எப்படிப் பிறந்தது என்பது முழுக்க அதில் இருக்கும். வெளியே போகும் கடிதத்தில் அரசாங்கம் பேசும். பச்சைத் தாளில் ஆட்கள் பேசுவார்கள். அதனால்தான் பீதி. "விவாதித்தோம், பேசியபடி செய்க" என்று மட்டும் எழுதும் கலையைச் சிலர் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள்.

24 பிப்ரவரி, செவ்வாய்

பதில் வந்தது. கெடுவுக்குள் தேதியிட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். உள்ளடக்கம் ஒன்றரை வரி: கோரப்பட்டது தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே), மறுக்கப்படுகிறது.

ஒரு பெண் தன்னைப் பற்றித் தன் கோப்பில் எழுதியிருப்பதைக் கேட்டால், அவருடைய அந்தரங்கத்தை அவரிடமிருந்தே காப்பாற்றுகிறார்கள்! சிரிப்புதான் முதலில் வந்தது. இந்தப் பிரிவு முன்பு இப்படி இல்லை. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தகவலை மட்டுமே மறுக்கலாம், பொதுநலன் பெரிதென்றால் அதையும் தரலாம் என்று இருந்தது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை வெட்டிவிட்டது. சென்ற நவம்பரில் வெட்டு அமலுக்கு வந்தது. இப்போது "தனிநபர் தொடர்பான தகவல்" என்ற சொற்களே மறுக்கப் போதும். பொதுநலன் தீங்கைவிடப் பெரிதென்றால் தரலாம் என்கிற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. ரேஷன் கடைப் பதிவேடுகளைக் கேட்டுத்தான் இந்த டில்லியின் குடிசைப் பகுதிப் பெண்கள் இருபது ஆண்டுக்கு முன் கடைக்காரர்களைக் கேள்வி கேட்டார்கள். இன்று அதே பதிவேட்டைக் கேட்டால் அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு பூட்டு.

25 பிப்ரவரி, புதன்

முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1). கட்டணம் இல்லை. இரண்டே வாதம். தன் சொந்தத் தகவலைத் தானே கேட்பவருக்குத் தனிநபர் தகவல் என்ற தடை பொருந்தாது. தவிர, ஒரு நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதன் காரணத்தைச் சொல்வது 4(1)(டி) பிரிவுப்படி அலுவலகத்தின் கடமை. பையன் கேட்ட "ஏன்" கடைசியில் இப்படி உள்ளே வந்துவிட்டது.

24 மார்ச், செவ்வாய்

விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். மொழிபெயர்க்கலாம் என்று உடன் போனேன், தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் இந்தி என்னுடையதைவிடச் சரளம், கூச்சமும் இல்லை. "என் காகிதத்தை நான் பார்ப்பதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டார். மேல்முறையீட்டு அதிகாரி ஒரு கணம், மறுத்து எழுதிய பொதுத் தகவல் அலுவலரைப் பார்த்தார். கோப்பைக் காட்டச் சொல்லி உத்தரவு. இது நடக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் முனீர்க்காவில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கும். டில்லி அரசின் துறைகளுக்கும் அதுதான். அங்கே வரிசை பெரிது.

7 ஏப்ரல், செவ்வாய்

பார்வையிட்டோம். முதல் ஒரு மணி நேரம் இலவசம், அது போதுமானதாக இருந்தது.

கோப்பு மெலிதானது. பச்சைத் தாள் இரண்டே. கள விசாரணை அறிக்கை ஓர் அட்டவணை: பெயர், முகவரி, சென்ற தேதி, நேரம், குறிப்பு. அந்த அம்மாவின் பெயருக்கு நேரே இந்தியில் "மகான் பந்த் மிலா", வீடு பூட்டியிருந்தது. ஜூலை மாதத்து வேலை நாள், காலை 11:30. அந்த நேரத்தில் அவர் மயூர் விஹாரில் மூன்று வீட்டுச் சமையலில் இருப்பார். உதவித்தொகை போதாமல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இல்லை என்பதற்காக உதவித்தொகையை நிறுத்தியிருக்கிறார்கள். நோட்டிங்கில் அடுத்த பத்தி: "பயனாளியைக் கண்டறிய இயலவில்லை. நிறுத்தலாம், உத்தரவுக்கு." கீழே ஒரு சுருக்கொப்பம். நோட்டீஸ் அனுப்பியதாக ஒரு வரிகூட இல்லை.

அலுவலர் மற்றவர்கள் பெயரை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துப் பிடித்திருந்தார், அது சரிதான். ஆனால் தாள் குறிப்புப் பத்தியை மறைக்கவில்லை. அந்த அம்மாவின் வரிக்குக் கீழே பக்கத்தின் அடிவரை வெறும் மேற்கோள் குறிகள்: மேற்படி, மேற்படி, மேற்படி. நேரப் பத்தியிலும் அப்படியே. அத்தனை வீடும் ஒரே 11:30க்குப் பூட்டியிருந்திருக்கின்றன.

நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். சில்லறை கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

22 ஏப்ரல், புதன்

சான்றொப்பமிட்ட நகல்களை இணைத்துக் கொடுத்த முறையீட்டுக்குப் பலன். உதவித்தொகையை மீண்டும் தொடங்க உத்தரவாகியிருக்கிறது. நின்ற மாதங்களின் பாக்கி பற்றி ஒரு சொல் இல்லை, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

அந்த அம்மாவின் தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே ஆகஸ்ட். ஒவ்வொருவருக்கும் ஒரு மனு எழுதலாம், வருஷம் ஓடிவிடும். அட்டவணையையே கேட்கப்போகிறேன். மானியத் திட்டங்களின் பயனாளி விவரங்களை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(பி). தனிநபர் தகவல் என்று மறுபடியும் சொல்வார்கள். அதனால் பத்தாம் பிரிவைப் பிடித்திருக்கிறேன்: தரக்கூடாத பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தர வேண்டும். பெயரையும் முகவரியையும் தாராளமாக மறைத்துக்கொள்ளட்டும். தேதி, நேரம், சென்றவரின் பதவி, குறிப்புப் பத்தி ஆகிய நான்கும் வேண்டும். மனுவில் என் கையெழுத்துதான் போகிறது. குடிமகன் யாரும் கேட்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்குப் பாக்கிப் பணம் இன்னும் அதே அலுவலகத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது.