ராட்டினக்காரர்

“மாமா, இது உடைஞ்சிராதுல்ல?”

தெப்பக்குளக் கரையில், கையால் தள்ளிச் சுற்றுகிற ராட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான் தங்கச்சி மகன். லீவுக்கு அமெரிக்காவில் ஓஹையோவிலிருந்து வந்திருக்கிறான், பத்து வயது.

போன வருடம் நான் அங்கே போனபோது இவன்தான் என்னை சண்டஸ்கிக்கு இழுத்துப் போனான். ஈரி ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர், நம்ம திருமங்கலம் அளவுகூடக் கிடையாது, ஆனால் 1870-இல் தொடங்கிய சீடார் பாயிண்ட் பூங்கா அங்கேதான். ஏரி என்கிறார்கள், கடல் மாதிரி அலை அடிக்கிறது. அங்கே மில்லேனியம் ஃபோர்ஸ் என்று ஒரு ரோலர் கோஸ்டர், உயரம் 310 அடி. நம்ம மதுரை மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரமே சுமார் 170 அடிதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதில் இவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தான். நான் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

இங்கே கிரீச் என்றதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

கதவுக்குப் பதில் ஒரு கயிறு. அவனுக்குப் பழக்கமான பெல்ட், கம்பி எதுவும் இல்லை, தள்ளுகிற மனிதரை நம்பித்தான் உட்கார வேண்டும்.

“இருபது வருசமா நான்தான்யா தள்ளுறேன்” என்றார் அவர்.

இறங்கியதும் இன்னொரு சுற்று வேண்டுமாம். எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது, ஜிகர்தண்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன்.