டுரானைச் சாய்த்த வலது கை

குத்துச்சண்டையில், நடுவர் பத்து எண்ணுவதற்குள் எழ முடியாதபடி எதிராளியை வீழ்த்தும் நாக் அவுட் என்றதும் பலரும் அடித்தவரின் பலத்தைப் பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது விழுந்தவரின் பழைய கணக்கை. அதற்கு முன் அவர் யார் யாரிடம் அடி வாங்கி, எத்தனை சுற்றுகள் தாக்குப்பிடித்து நின்றார் என்று தெரிந்தால்தான் அந்த ஒரு குத்தின் மதிப்பு விளங்கும்.

விழவே மாட்டார் என்று பெயரெடுத்தவர்கள் பெரும்பாலும் தோற்றபோதுகூட விழவில்லை. 1951 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஜேக் லமோட்டா 13வது சுற்றில், கயிற்றில் சாய்ந்து நின்றபடியேதான் சுகர் ரே ராபின்சனிடம் பட்டத்தை இழந்தார். கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லை. 1970இல் ஜார்ஜ் ஃபோர்மன் அவரை 3வது சுற்றில் வென்றபோதும் நடுவர்தான் இடையில் புகுந்து நிறுத்தினார். போட்டிப் பதிவேடுகள் இவற்றையும் நாக் அவுட் வகையிலேயே சேர்க்கின்றன. என் மனம் ஒப்புவதில்லை.

என் மனம் முழுமையாக ஒப்புக்கொள்ளும் நாக் அவுட், 1984 ஜூன் 15 அன்று லாஸ் வேகஸில் தாமஸ் ஹெர்ன்ஸ் ரொபெர்ட்டோ டுரானை வீழ்த்தியதுதான்.

பனாமாவின் டுரான் 135 பவுண்டு எடைப்பிரிவில் உலகப் பட்டம் வென்று, படிப்படியாக மேலே வந்தவர். ஹெர்ன்ஸைச் சந்திப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் 160 பவுண்டு பிரிவின் சாம்பியன் மார்வின் ஹாக்லருடன் 15 சுற்றுகளும் நின்று, புள்ளிக்கணக்கில் மட்டும் தோற்றிருந்தார். அந்தக் காலத்தில் ஹாக்லரிடம் அகப்பட்டவர்கள் முழுச் சுற்றும் நின்று திரும்புவது அரிது. டுரானின் தாடை கல்லால் ஆனது என்று ரசிகர்கள் நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் அவருடைய பழைய போட்டிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எதிராளியின் குத்து கிளம்பும்போதே அவர் தலை விலகத் தொடங்கிவிடும். தோளைச் சற்றுத் திருப்பி, குத்து போகும் திசையிலேயே முகத்தைக் கொண்டுபோவார். ஆகையால் பாதி வேகத்தில்தான் அடி வந்து சேரும். குத்து தாடையில் பட்டுத் தலை வெடுக்கெனத் திரும்பும்போது மூளையும் மண்டைக்குள் சுழன்று அதிர்வதால்தான் நினைவு தப்புகிறது. வருவது முன்கூட்டியே தெரிந்தால் கழுத்து இறுகி அந்தத் திருப்பத்தைத் தடுக்கும். டுரானின் உறுதியில் பாதி எலும்பு, மீதி கண்.

டெட்ராய்ட்டின் ஹெர்ன்ஸும் அவருடைய பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டும் அந்தக் கண்ணைத்தான் ஏமாற்றினார்கள் என்பது என் கணிப்பு. ஹெர்ன்ஸ் ஏறத்தாழ 185 செ.மீ. உயரம், கைகள் அதற்கும் மேல் நீளம். டுரான் 170 செ.மீ. சொச்சம். முதல் சுற்றிலேயே டுரான் இருமுறை விழுந்தார். கண்ணருகே வெட்டுக் காயம் ஏற்பட்டது. மணி அடித்ததும் தன் மூலை எதுவென்று தெரியாமல் தவறான பக்கம் நடந்தார். இரண்டாம் சுற்றில் ஹெர்ன்ஸ் அவரைக் கயிற்றோரம் தள்ளி, இடது கையை வயிற்றை நோக்கி நீட்டிப் பாசாங்கு செய்தார். டுரானின் கவனம் கீழே போன அதே கணத்தில் வலது கை மேலிருந்து தாடையில் இறங்கியது.

டுரான் முகங்குப்புற விழுந்தார். சாதாரணமாகத் தடுக்கி விழுகிறவர்கூடக் கையை ஊன்றிக்கொள்வார். அவர் கைகள் அசையவே இல்லை. நடுவர் கார்லோஸ் படில்லா பத்துவரை எண்ணிக்கொண்டிருக்காமல் ஆட்டத்தை முடித்தார்.

மறுநாள் டுரானுக்கு 33வது பிறந்த நாள். வயதாகிவிட்டது, உடம்புக்கு மீறிய எடையில் மோதினார் என்று இன்றும் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஹாக்லரின் அடிகளை ஏழு மாதங்களுக்கு முன் தாங்கிய உடம்பு அதற்குள் தேய்ந்துவிட்டது என்பதை நான் ஏற்பதற்கில்லை. 2016இல் ஜோ ஸ்மித் ஜூனியர் பெர்னார்ட் ஹாப்கின்ஸைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளி முடித்த போட்டிக்கு அந்தச் சமாதானம் பொருந்தும்; ஹாப்கின்ஸுக்கு அப்போது 51 வயது.

ஹெர்ன்ஸின் குத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது 2012 டிசம்பர் 8 அன்று ஹுவான் மானுவேல் மார்க்கெஸ், மேனி பாக்கியாவோவை ஆறாம் சுற்று முடிய ஒரே ஒரு நொடி இருக்கையில் வீழ்த்திய வலது குத்து. பாக்கியாவோ பாய்ந்து வந்த வேகமும் மார்க்கெஸின் கை வேகமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆயினும் பாக்கியாவோ இளமையில் இருமுறை நாக் அவுட் ஆனவர் என்பதால் அதை ஒரு படி கீழேதான் வைப்பேன்.

டுரானின் கதை அந்த இரவோடு முடியவில்லை. 1988இல் ஐரன் பார்க்ளி என்பவர் ஹெர்ன்ஸையே மூன்றாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அட்லாண்டிக் சிட்டியில் அந்தப் பார்க்ளியை எதிர்கொண்டு, 12 சுற்றுகளும் அவர் அடிகளை வாங்கி, 11வது சுற்றில் அவரைத் தரையில் உட்காரவைத்துப் பட்டத்தை வென்றவர் 37 வயது டுரான்.