கடைசி 3 கிலோமீட்டருக்காக ஒரு வண்டி

தாண்டிக்குடி மலையில் எங்கள் காபித் தோட்டத்துக்கு ஏறும் மண் தடத்தில், மூன்றாவது வளைவில்தான் 2022 நவம்பரில் என் பழைய ஹேட்ச்பேக் நின்றுபோனது. இரண்டு நாள் மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முன் சக்கரம் இரண்டும் சுற்றுகின்றன, வண்டி ஓர் அடி ஏறவில்லை. மிதிக்க மிதிக்க அதன் மூக்கு மெல்ல இடது பக்கம், பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. பின் சீட்டில் அம்மா. 71 வயது, முழங்கால் வலி. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, அம்மாவைக் கைபிடித்து இறக்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிற்க வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து காபி மூட்டை ஏற்றப் போன ஜீப் வந்தது. ஓட்டி வந்த அண்ணன் கயிறு கட்டி இழுத்துவிட்டார். "பாப்பா, இது இந்தத் தடத்துல ஏறுற வண்டி இல்ல. அடுத்த தடவ கீழயே நிறுத்திட்டு எனக்கு ஒரு போன் போடுங்க" என்றார்.

அது நல்ல யோசனைதான். நானும் கொஞ்ச நாள் அப்படியே செய்தேன். அப்பா காலமானபின் தோட்டத்தைப் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. வருடத்துக்கு நாலைந்து தடவை போகிறவர் என்றால் ஜீப்பே போதும், இதற்காக வண்டி வாங்க வேண்டாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எனக்குச் சிக்கல் வேறு. காபிப் பழம் பறிக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் அங்கே ஒன்றாக வரும். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரிக்கும் பல்பர் மெஷினில் போட வேண்டும், வைத்திருந்தால் புளித்துவிடும். எப்போது நான் கட்டாயம் போயாக வேண்டுமோ அப்போதுதான் தடமும் மோசம். அப்போதுதான் ஜீப்பும் கிடைக்காது. ஊரில் இருக்கிற ஜீப் எல்லாம் மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கும்.

வண்டி மாற்றுவது என்று முடிவானதும் முதலில் ஒரு டைரி போட்டேன். வீடு மதுரை திருநகர், ஆபீஸ் அண்ணா நகர். போக வர 26 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 650. தோட்டத்துக்கு மாதம் இரண்டு நடை. வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, அப்புறம் மலை ஏறிப் பண்ணைக்காடு வழியாகப் போக வர 210, ஆக 420. மொத்தம் 1,070 கி.மீ. அதில் மண் தடம் 12 மட்டும். நூற்றுக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் பார்த்து இரண்டு வாரம் குழம்பினேன். ஒரு பங்குக்காக மீதி 99 பங்கும் முரட்டு வண்டியில் அலைவதா? ஆனால் அந்த ஒரு பங்கில் ஏறவில்லை என்றால், மண் தடம் வரை சொகுசாகப் போனதற்கு என்ன பயன்?

அடுத்த நடையில் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தடம் முழுவதும் நடந்தேன். கையில் டேப். ஓடைக்கு மேல் கல் வைத்துக் கட்டிய சிறு பாலத்தில் இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் நடுவே 6 அடி 8 அங்குலம், அதாவது 203 செ.மீ. அந்தக் காலத்து ஜீப் போகிற அளவுக்குப் போட்ட பாலம். சக்கரம் போகிற இரண்டு பள்ளத்துக்கும் நடுவே உள்ள திட்டு எங்கேயும் ஆறு அங்குல உயரத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது வளைவின் சாய்வைக் கைப்பேசியில் வைத்துப் பார்த்தேன், 17 டிகிரி. அந்த வளைவில் மேலிருந்து வழியும் தண்ணீர் தடத்தைக் குறுக்கே அரித்து வைத்திருந்தது. அதைக் கடக்கும்போது முன்பக்கம் ஒரு சக்கரமும் பின்பக்கம் எதிர்ச் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்கும்.

சித்தப்பா அப்போது ஒன்று சொன்னார். "ரிவர்ஸ்ல ஏத்திப் பாரு."

முந்தின நாள் தூறல் விழுந்த தடம். முன்பக்கமாக ஏற்றிப் பார்த்தேன், பழையபடி சக்கரம் சுற்றியது. கீழே இறங்கி, திருப்பி, சித்தப்பா பின்னால் நின்று கை காட்ட, ரிவர்ஸில் ஏற்றினேன். ஏறிவிட்டது! அதே வண்டி, அதே டயர், அதே உயரம். ஏற்றத்தில் எடையெல்லாம் பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில், இழுக்க வேண்டிய சக்கரமே லேசாகிவிடுகிறது. திருப்பி ஏற்றினால் அந்தச் சக்கரத்தின் மேல் பாரம் உட்காருகிறது. அதுவரை நான் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள உயரத்தின் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 190, 200, 210 மில்லிமீட்டர் என்று. எனக்கு வேண்டியது உயரம் இல்லை, பிடிமானம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு பட்டியலில் பாதி போய்விட்டது. நம் ஊரில் அதிகம் ஓடுகிற பிரெஸ்ஸா, நெக்ஸான், கிரெட்டா, செல்டாஸ் எல்லாமே முன் சக்கரம் மட்டும் இழுப்பவை. தோற்றம் எஸ்யூவி, உயரமும் உண்டு, நகரத்துக்கு அருமையான வண்டிகள். என் மூன்றாவது வளைவுக்கு அவை ஆகாது. ஒரு ஷோரூமில் விற்பனைப் பையன், "மேடம், இதுல மட் மோட் இருக்கு, மலையெல்லாம் ஏறிடும்" என்று அடித்துச் சொன்னார். "பின் சக்கரத்துக்கு பவர் போகுமா தம்பி?" என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, போகாது என்றார். வண்டி பார்க்கப் போகிற யாரும் இந்த ஒரு கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள்.

மீதி இருந்தவை இரண்டு வகை. கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் ஒரு வகை. தேவைப்படும்போது பின் சக்கரத்துக்கும் பவரை அனுப்பும் ஆல் வீல் டிரைவ் அவற்றில் ஒரு மாடலில் உண்டு, ஆனால் வண்டியை மிக மெதுவாக, அதிக இழுவையோடு நகர்த்தும் கூடுதல் கியரான லோ ரேஞ்ச் கிடையாது. பழைய ரெனோ டஸ்டரும் இந்த வகைதான். 2014இல் டீசலில் ஃபோர் வீல் டிரைவ் வந்தது, முதல் கியர் நல்ல குட்டைக் கியர். செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டேன். 2022இல் இங்கே டஸ்டர் தயாரிப்பே நின்றுவிட்டதால், ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைய எனக்குத் தெம்பில்லை என்று விட்டுவிட்டேன். இன்னொரு வகை, ஜீப் வழியில் வந்தவை. ஏணி போன்ற தனி இரும்புச் சட்டமும் (லேடர் சட்டம்) லோ ரேஞ்சும் உள்ள மஹிந்திரா தார், ஃபோர்ஸ் கூர்க்கா, 2023 ஜூனில் ஐந்து கதவோடு வந்த மாருதி சுசுகி ஜிம்னி.

லோ ரேஞ்ச் எனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்பதில்தான் நீண்ட நாள் யோசனை. நண்பர் ஒருவர் தன் ஆல் வீல் டிரைவ் வண்டியையே தடத்துக்குக் கொண்டு வந்தார். அது எந்த வண்டி என்பது இங்கே தேவையில்லை. ஏறியது. ஆனால் அந்தக் குறுக்குப் பள்ளத்தில் மெதுவாகப் போக முடியவில்லை. முதல் கியரிலேயே வேகம் கூடுதல், ஹாஃப் கிளட்சில் பிடித்துப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் கருகிய வாடை. இறங்கும்போது பிரேக்கை நம்பியே இறங்கினோம், சேற்றில் பிரேக் மிதித்தால் சக்கரம் நின்று வண்டி சறுக்கும். லோ ரேஞ்ச் இருந்தால் வண்டி நடக்கிற வேகத்தில், கியரின் பிடியிலேயே ஏறும், இறங்கும். வருடத்துக்கு இருபது தடவைக்கு மேல் ஏறி இறங்கப் போகிற எனக்கு இது வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்புறம் தார். நான் மிகவும் விரும்பிய வண்டி அது. 2.2 லிட்டர் டீசல், 300 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவைத் திறன்), 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், 650 மி.மீ. வரை தண்ணீரில் இறங்கலாம். ஓட்டிப் பார்த்ததும் மனசு போய்விட்டது. இரண்டு காரணத்துக்காக விட்டேன். மூன்று கதவு மாடலில் பின்னால் ஏற முன் சீட்டை மடக்கி உள்ளே புகுந்து போக வேண்டும். "அம்மாவை முன்னாடி உட்கார வைங்க" என்றார்கள். சரிதான், ஆனால் அம்மாவோடு பெரும்பாலும் சித்தியும் வருவார், இருவருக்கும் முழங்கால் வலி. இன்னொன்று பாலம். தார் அகலம் 182 செ.மீ. என் 203 செ.மீ. பாலத்தில் பக்கத்துக்குப் பத்து செ.மீ. மிச்சம். மழை இருட்டில் அந்தப் பத்து செ.மீ.யை நம்பி ஓட்ட எனக்குத் தைரியமில்லை. ஐந்து கதவு தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. அதன் அகலம் 187 செ.மீ., பாலத்துக்கு அது இன்னும் நெருக்கம். கூர்க்காவில் முன்னும் பின்னும், இரு பக்கச் சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் உண்டு, தடத்துக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஆனால் தினமும் பழங்காநத்தம், கோரிப்பாளையம் நெரிசலில் அதை ஓட்டிப் போக நினைக்கையில் மனசு ஒப்பவில்லை.

ஜிம்னியின் அகலம் 164.5 செ.மீ. பாலத்தில் பக்கத்துக்கு 19 செ.மீ. வரும். நான்கு பேர்தான் உட்காரலாம். பின்னால் சாமான் இடம் 208 லிட்டர்தான், பெரிய பை இரண்டு வைத்தால் தீர்ந்தது. 1,462 சிசி பெட்ரோல், 134 நியூட்டன் மீட்டர். தாருக்குப் பக்கத்தில் இந்த எண்கள் சின்னவை. வண்டியின் எடையும் ஏறக்குறைய 1,200 கிலோதான். சேற்றில் லேசான வண்டி குறைவாகப் புதையும் என்று ஜீப் அண்ணன் சொன்னார். அவர் பேச்சு எனக்கு எந்த விளம்பரத்தையும்விடப் பெரிது. விலையில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நீளம் 4 மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டிவிட்டதால் சின்னக் கார் வரிச் சலுகை இதற்குக் கிடையாது. நான் வாங்கியபோது செஸ் சேர்த்து வரி 45 சதவீதம், 2025 செப்டம்பரிலிருந்து 40.

ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று ரிங் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. காலை 8.45க்கு என் ஆபீஸ் வழியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். ஒத்துக்கொண்டார்கள். சிம்மக்கல்லில் ஒரு ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைந்து வந்தபோது அகலக் குறைவின் அருமை தெரிந்தது. அன்று அம்மாவும் கூட. ஏறும்போது கதவோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எட்டுதுடி, பரவால்ல" என்றார். வேகத்தடையில் உடம்பு பக்கவாட்டில் ஆடியது. முன்னும் பின்னும் இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் ரிஜிட் ஆக்சில் உள்ள வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் மறுபக்கமும் சேர்ந்து அசையும். அதே அமைப்புதான் தடத்தில் ஒரு சக்கரம் மேலே போகும்போது மற்றதைத் தரையில் அழுத்தி வைக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நான் தடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தினசரி நெரிசலை நினைத்து ஆட்டோமேட்டிக் எடுத்தேன். அதில் நான்கு கியர்தான், மலை ரோட்டில் லாரியை முந்த முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

2024 ஜனவரியில் ஜிம்னி வீட்டுக்கு வந்தது. தார் ரோட்டில் எப்போதும் 2எச், அதாவது பின் சக்கரம் மட்டும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது. முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் திரும்பும்போது முன்னும் பின்னும் வேகம் ஒத்துவராமல் இறுகிக்கொள்ளும். மண் தடம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சின்ன லீவரை 4எல்லுக்கு, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் லோ ரேஞ்சுக்குத் தள்ளுவேன்.

அந்த நவம்பரில் நல்ல மழைக்குப் பிறகு முதல் தடவை ஏற்றினேன். சித்தப்பா மேலே குடையோடு நின்றிருந்தார். குறுக்குப் பள்ளத்தில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் தூக்கி, ஒரு நொடி சுற்றின. காலை எடுக்காமல் அப்படியே லேசாக மிதித்துப் பிடித்தேன். சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் போட்டு அடக்க, டக் டக் என்று ஒரு சத்தம். மற்ற சக்கரங்கள் பிடித்தன. நடக்கிற வேகத்தில் மேலே வந்துவிட்டது. அம்மா இறங்கவே இல்லை.

டயர் மட்டும் இன்னும் மாற்றவில்லை. வண்டியோடு வந்த டயரின் வரிகளில் செம்மண் அப்பிக்கொள்கிறது. மண் தடத்துக்கும் ரோட்டுக்கும் பொதுவான ஏடி (ஆல் டெரெய்ன்) டயர் போட்டால் தடத்தில் நன்றாக இருக்கும், நகரத்தில் சத்தமும் பெட்ரோலும் கூடும். இப்போதைக்குக் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கி ஏறுகிறேன், கீழே வந்ததும் சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன கம்ப்ரஸரில் திரும்ப நிரப்புகிறேன்.

போன வெயில் காலத்தில் ஜேசிபியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மூன்றாவது வளைவின் மேல் பக்கம் வாய்க்கால் வெட்டி, குறுக்குப் பள்ளத்தில் இரண்டு லோடு ஜல்லி கொட்டினோம். இப்போது அந்தத் தண்ணீர் தடத்தில் விழாமல் பக்கத்தில் இருக்கும் வாழைக்குப் போகிறது. ஜீப் அண்ணன் முதல் ஆளாக மூட்டையோடு அதில் ஏறிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.