ஐந்து சாந்தீம் நாளிதழின் ஆசிரியர்

புதுச்சேரியில் கற்ற அரைகுறை பிரெஞ்சு மறந்துபோகாமலிருக்க, பிரான்சின் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய நாளிதழ்களை அகராதியும் கையுமாகப் படிப்பது என் வழக்கம். அப்படித்தான் சென்ற மாதம் ‘லூமனித்தே’ என்ற சோசலிச நாளிதழின் 1914 ஜூலை 31, ஆகஸ்ட் 1 ஆகிய இரு நாள்களின் முதற்பக்கங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். முதல் தாளில் அதன் ஆசிரியரும் பிரெஞ்சு சோசலிசத் தலைவருமான ழான் ழொரேஸ் எழுதிய, நிதானம் தேவை என்னும் பொருள்படும் தலைப்பிட்ட கட்டுரை இருக்கிறது. மறுநாள் தாளில் அவருடைய படமும், ‘ழொரேஸ் படுகொலை’ என்ற பெரிய எழுத்துத் தலைப்பும் இருக்கின்றன.

பிரெஞ்சுக்காரர்கள் அவரை முதன்மையாகப் பெரும் பேச்சாளராகவே நினைவுகூர்கிறார்கள். ஒரு தொழிற்சங்க மாத இதழுக்குச் சில ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய எனக்கோ, மேடையில் முழங்கிய ழொரேஸைவிட மேசையில் அமர்ந்து எழுதிய ழொரேஸிடமே ஈடுபாடு அதிகம்.

1859இல் தென் பிரான்சின் காஸ்த்ர் நகரில் பிறந்த அவர், தத்துவம் கற்று, ஆல்பியிலும் துலூசிலும் ஆசிரியப் பணி செய்தவர். 1885இல் மிதவாதக் குடியரசுவாதியாக நாடாளுமன்றம் சென்ற அவரை சோசலிஸ்டாக்கியதில் கார்மோ ஊரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கம்பெனி வேலையிலிருந்து நீக்கியதால் 1892இல் அங்கே வேலைநிறுத்தம் மூண்டது. ழொரேஸ் தொழிலாளர் பக்கம் நின்று எழுதினார். அடுத்த ஆண்டே அத்தொகுதி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

அவர் எத்தகைய பத்திரிகையாளர் என்பது 1898இல் வெளிப்பட்டது. உளவாளி என்று பொய்க் குற்றம் சாட்டப்பட்டுத் தீவுச் சிறையில் கிடந்த யூதப் படை அதிகாரி திரெஃபுயுஸுக்காக வாதாடுவது தொழிலாளரின் வேலையல்ல, அது முதலாளி வர்க்கத்தின் உட்பூசல் என்றே சோசலிஸ்டுகளில் பலர் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்று நாடாளுமன்ற மேடையை இழந்திருந்த ழொரேஸ், ‘லா பெத்தீத் ரெப்யூப்ளிக்’ நாளிதழில் ‘சான்றுகள்’ என்ற தலைப்பில் ஒரு தொடர் எழுதினார். அதில் உணர்ச்சி முழக்கத்தைவிட, ஆவணங்களின் சொற்களையும் தேதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் வேலையே அதிகம். முக்கியச் சான்றாகக் காட்டப்பட்ட கடிதம் போலியே என்று அவர் வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆகஸ்ட் மாத இறுதியில், அதைப் புனைந்த படை உளவுப் பிரிவு அதிகாரி கர்னல் ஆன்ரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். மெய்ப்புப் பார்ப்பவனின் கண் என்று இதைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

1904 ஏப்ரல் 18 அன்று ழொரேஸ் நிறுவிய, ‘மனிதகுலம்’ என்று பொருள்படும் ‘லூமனித்தே’ ஐந்து சாந்தீம் விலையில் வெளிவந்தது (சாந்தீம் என்பது ஃபிராங்கில் நூறில் ஒரு பங்கு). முதல் இதழின் தலையங்கத்தில், சோசலிச இலட்சியத்துக்குப் பொய்யோ அரைப்பொய்யோ, திரித்த செய்தியோ வெட்டிச் சுருக்கிய செய்தியோ தேவையில்லை என்று எழுதிய அவர், உலக நிகழ்வுகளை வாசகர் தாமே எடைபோடும் அளவுக்கு விரிவான, துல்லியமான செய்திகளைத் தருவதாக உறுதியளித்தார். எந்த வணிகக் கூட்டத்தின் கைக்குள்ளும் அகப்படாமல் ஒரு பெரிய நாளிதழை நடத்துவது கடினம், ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் அன்று என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டார்.

கடினம் என்பது விரைவிலேயே தெரிந்தது. ஆசிரியர் குழுவில் பேராசிரியர்களும் பட்டதாரிகளும் நிறைந்திருந்தார்கள். கட்டுரைகள் நீளமானவை, நடை உயரமானது. சுரங்கத்திலிருந்து கரி படிந்த கையோடு வருபவர் அந்தத் தாளை எவ்வளவு தூரம் படித்திருப்பார் என்ற ஐயம் பழைய இதழ்களைப் புரட்டும்போது எனக்கும் எழுகிறது. முதல் நாளில் ஏறத்தாழ 1,40,000 பிரதிகள் விற்ற இதழின் விற்பனை பின்னர் 15,000 அளவுக்குச் சரிந்தது. 1906இல் மூடும் நிலைக்கு வந்த அதைச் சோசலிசக் கட்சியும் தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பணம் திரட்டிக் காப்பாற்றின. அக்காலத்தில் ரஷ்ய ஜார் அரசின் கடன் பத்திரங்களைப் புகழ்ந்து எழுதப் பாரிஸின் பெரிய நாளிதழ்கள் பலவும் இரகசியமாகப் பணம் வாங்கிக்கொண்டிருந்தன. அதற்கான கடிதங்களை 1923–24இல் தொடராக வெளியிட்டதும் இதே ‘லூமனித்தே’தான் என்பதை நினைத்தால், அந்த முதல் தலையங்கத்தின் பொருள் இன்னும் விளங்கும்.

1913இல் படைச்சேவைக் காலத்தை மூன்றாண்டாக்கும் சட்டத்தை எதிர்த்தது முதல், வலதுசாரி ஏடுகள் அவரை ஜெர்மனியின் ஆள் என்று ஏசத் தொடங்கின. 1914 ஜூலை இறுதியில் பிரசல்ஸில் போருக்கு எதிரான கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்பிய அவர், 31 அன்று வெளியுறவுத் துறையில் துணை அமைச்சர் அபெல் ஃபெரியைச் சந்தித்துவிட்டு, மாலையில் அலுவலகம் சேர்ந்தார். போர் மூள்வதில் அரசுக்குள்ள பொறுப்பை வெளிப்படுத்தும் ஒரு கட்டுரையை அன்றிரவே எழுதுவதாகத் திட்டம். அதற்கு முன் சாப்பிட்டுவிடலாம் என்று, மோன்மார்த்ர் தெருவில் அருகிலேயே இருந்த க்ருவஸான் உணவகத்துக்குத் தோழர்களோடு சென்றார். கோடைக் கால இரவு. திறந்திருந்த சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். இடையே ஒரு திரை மட்டுமே இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த பத்திரிகையாளர் ஒருவர் தம் சிறு மகளின் புகைப்படத்தைக் காட்ட, ழொரேஸ் குனிந்து பார்த்தார். 9.40 மணியளவில் ரவுல் வில்லேன் என்ற தேசியவாத இளைஞன் திரையை விலக்கிச் சுட்டான். மறுநாள் பிரான்சில் பொதுப் படைதிரட்டல் அறிவிக்கப்பட்டது.

முதல் உலகப் போர் முடியும்வரை விசாரணையின்றிச் சிறையிலிருந்த வில்லேனை 1919 மார்ச் 29 அன்று நடுவர் குழு விடுதலை செய்தது; வழக்குச் செலவு ழொரேஸின் மனைவி தலையில் விழுந்தது. ‘லூமனித்தே’யின் முதல் இதழிலேயே தொடர்கதை எழுதத் தொடங்கியிருந்த எழுத்தாளர் அனத்தோல் ஃபிரான்ஸ், அதே தாளில் தொழிலாளர்களை விளித்து, இது கொடூரமான தீர்ப்பு என்று எழுதினார். ஏப்ரல் 6 அன்று பாரிஸ் தெருக்களில் தொழிலாளர்கள் பெருந்திரளாக ஊர்வலம் சென்றார்கள்.