சுற்றுப்பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது

பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் என்றாலே சூரிய ஒத்திசைவுப் பாதைதான் (ஓர் இடத்தை எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் பாதை) என்று பலர் முதல் நாளே எழுதிவிடுகிறார்கள். நிலத்தைப் படமெடுக்க அது சரி. பூமி நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் பாதையின் தளம் மெல்லத் திரும்பும். 500 கி.மீ. உயரத்தில் சாய்வை, அதாவது பாதைத் தளம் நிலநடுக்கோட்டோடு செய்யும் கோணத்தை, 97.4 டிகிரி வைத்தால் அது நாளுக்கு 0.9856 டிகிரி திரும்பி, சூரியனுக்கு ஈடுகொடுக்கும். படங்களில் உள்ளூர் நேரம் மாறாது. 800 கி.மீ. என்றால் சாய்வு 98.6. இதில் 0.1 டிகிரி பிசகினால், ஓர் ஆண்டில் ஓர் இடத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் ஏறக்குறைய 20 நிமிடம் நகர்ந்துவிடும்.

உயரத்தைக் கேமராதான் முடிவுசெய்கிறது. 509 கி.மீ.யில் தரையில் 25 செ.மீ. அளவு வரை பிரித்துக்காட்டும் நுணுக்கம் தரும் இஸ்ரோவின் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளின் கேமராவை 867 கி.மீ.க்குத் தூக்கினால் 43 செ.மீ.தான் தேறும்.

மழைமேகத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. சில மணி நேரத்தில் திரண்டு கலைவதைத் தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்து என்ன பயன்? இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி அமைப்பான க்னெஸ்ஸும் 2011-இல் அனுப்பிய மழைமேகச் செயற்கைக்கோளான மேகா-டிராபிக்ஸுக்கு உயரம் 867 கி.மீ., சாய்வு 20 டிகிரி என்று வைத்தது அதனால்தான். துருவங்களை அது பார்க்கவே இல்லை. பதிலுக்கு, வெப்பமண்டலத்தின் ஒரே இடத்துக்கு மேல் ஒரு நாளில் பல முறை வந்தது. தளம் வேகமாகத் திரும்புவதால் சுமார் 51 நாளில் எல்லா உள்ளூர் நேரங்களையும் தொட்டுவிட்டது.

ஏவுதளத்தையும் கணக்கில் சேருங்கள். ஸ்ரீஹரிகோட்டா 13.7 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் 20 டிகிரி சாய்வுக்கு நேராகவே ஏவலாம். சூரிய ஒத்திசைவு போன்ற துருவப் பாதைக்கோ இலங்கையைச் சுற்றி ராக்கெட்டை வளைக்க வேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவு தாங்காது. இலங்கை குறுக்கிடாத குலசேகரன்பட்டினத்தில் புதுத் தளம் அமைவது இதற்காகத்தான். ‘மேலே போய்ச் சாய்வைத் திருத்திக்கொள்ளலாம்’ என்பது வீண் நம்பிக்கை. ஒரு டிகிரி மாற்ற நொடிக்கு 130 மீட்டர் வேகமாற்றம் வேண்டும்: 100 கிலோ செயற்கைக்கோளில் ஹைட்ரசீன் எரிபொருள் மட்டும் 6 கிலோ போய்விடும்.

கடைசியில் விழுவதற்கும் எரிபொருள் ஒதுக்குங்கள். 867 கி.மீ.யில் காற்றின் இழுப்பு மிகக் குறைவு. சும்மா விட்டால் மேகா-டிராபிக்ஸ் நூறாண்டுக்கு மேல் அங்கேயே சுற்றியிருக்கும். கட்டுப்படுத்தி இறக்குவதற்காக அது வடிவமைக்கப்படவும் இல்லை. நல்லவேளையாகத் தொட்டியில் மிச்சம் இருந்தது. சுமார் 120 கிலோ எரிபொருளைச் செலவிட்டுப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேல் எரித்து முடித்தார்கள்.